பின்னால் நான்கு கியர், முன்னால் ஒன்று

ஜூன் 3, திங்கள்

ஐஸ் கம்பெனிக்காரர்கள் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி இது. ஐந்து மாதமாகச் சமையலறைப் பலகையில் எண்ணெய்ச் சட்டிக்கு அடியில் கிடந்தது. இன்று எடுத்துத் துடைத்தேன். காரணம், இன்று மத்தியானம் நான் ஒரு கள்ளத்தனம் செய்தேன். சாமியாரிடம் சொன்னால் பத்து அருள் நிறைந்த மந்திரம் சொல்லு என்று அனுப்பிவிடுவார். அக்கம்பக்கத்தில் சொன்னால் தூத்துக்குடி முழுக்கப் பரவிவிடும். டைரி போய் யாரிடமும் சொல்லாது.

நேற்றுப் பூசை முடிந்து வெளியே வரும்போது சூசை என்னைத் தனியாகக் கூப்பிட்டான். எங்கள் வள்ளத்தில் என் வீட்டுக்காரரோடு பதினெட்டு வருஷமாகக் கடலுக்குப் போகிறவன்.

"மைனி, நான் சொன்னேன்னு அண்ணன்கிட்ட சொல்லிராதிய. போன வாரம் வலை இழுக்கையில அண்ணன் அப்பிடியே வெறிச்சுப் பாத்துக்கிட்டு நின்னாவ. அப்புறம் விழுந்துட்டாவ. பல்லு கட்டிக்கிச்சு, கை காலு வெட்டிச்சு. இது ரெண்டாவது வாட்டி. நல்ல காலம் உள்பக்கமா விழுந்தாவ. வெளிப்பக்கமா விழுந்திருந்தா நான் ஒத்த ஆளு என்ன செய்ய?"

அவர் சனிக்கிழமை தனியாகப் போய் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து, "சும்மா பித்தமாம்" என்று என்னிடம் சொல்லியிருந்தார். சட்டை துவைக்கும்போது பையில் டாக்டர் சீட்டு கிடைத்தது. மருந்துக்கடைப் பிள்ளை படித்துச் சொன்னாள். வலிப்பு மாத்திரை. தினம் காலை ஒன்று. கடலுக்குப் போகக் கூடாது, வண்டி ஓட்டக் கூடாது, உயரத்தில் ஏறக் கூடாது.

வீட்டுக்காரர் பேரை நான் வாயால் சொன்னதில்லை. எழுதினால் தப்பில்லை. கஸ்பார். கஸ்பாரிடம் ஒன்றைச் செய்யக் கூடாது என்றால் அன்றைக்கே செய்வார். ஆனால் ஒன்று முடியுமா என்று கேட்டுவிட்டால், ஆள் அதிலேயே கிடப்பார். ஒரு தடவை ஐஸ் பெட்டிக்குள் பெடஸ்டல் ஃபேனை வைத்தால் ஏசி ஆகுமா என்று யாரோ கேட்டதற்கு, மூன்று நாள் வீடு முழுக்கத் தண்ணீர்.

வள்ளம் இப்போது கரையில் இருக்கிறது. அடிப்பலகை மாற்ற வேண்டும் என்று வள்ளம் கட்டுகிற லியோன் ஓடாவியிடம் விட்டிருக்கிறோம். பெரியகோவில் கொடியேற்றத்துக்கு முன்னால் இறக்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். வள்ளத்து இன்ஜின் எங்கள் முற்றத்தில் தார்ப்பாய்க்கு அடியில். அதற்குப் பக்கத்திலேயே பத்தொன்பது வருஷமாக இன்ஜின் இல்லாமல் நிற்கிறது மாமனாருடைய மோரிஸ் மைனர். அதன் இன்ஜினைக் கஸ்பாரின் அண்ணன் கழற்றி ஒரு வள்ளத்தில் மாட்டிக் கடலில் போட்டுவிட்டார். இப்போது காருக்குள் என் அடைக்கோழி.

சாளைக் குழம்பு ஊற்றிக்கொண்டே கேட்டேன். "ஏங்க, வள்ளத்து இன்ஜின் காருல ஓடுமா?"

"ஓடாது."

இரண்டு வாய் சாப்பிட்டார். மூன்றாவது வாய் பாதியில் நின்றது. "ஏன் ஓடாது?" என்று அவரே கேட்டுக்கொண்டார். தட்டிலேயே கை காய்ந்துபோயிற்று. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு மீன் சட்டியைத் தேய்த்தேன்.

ஜூன் 4

காலையில் பார்த்தால் என் தையல் டேப்பைக் காணோம். முற்றத்தில் காருக்கு அடியில் இரண்டு கால் நீட்டிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடம் திறக்கிற நேரம், இருபத்திரண்டு யூனிஃபார்ம் தைத்துக் கொடுக்க வேண்டும். டேப்பைத் திருப்பித் தரும்போது கிரீஸ். ஒரு பாவாடை வீணாயிற்று. பரவாயில்லை.

ஜூன் 5

மாத்திரையை எங்கே ஒளித்துவைத்திருக்கிறார் என்று கண்டுபிடித்தேன். ஜன்னலில் நட்டு போல்ட்டுப் போட்டுவைக்கிற பிஸ்கட் டப்பா. அறுபது வாங்கியிருக்கிறார். ஐம்பத்தாறு இருக்கிறது. ஒழுங்காகப் போடுகிறார்.

இனி தினம் எண்ணுவேன்.

ஜூன் 8

ஐம்பத்து மூன்று.

காரின் மூக்கைக் கழற்றிவிட்டார். அடைக்கோழி அவமானப்பட்டு எழுந்து போய், இப்போது தையல் மிஷினுக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறது.

இன்று ஒரு சந்தேகம் வந்தது எனக்கு. வள்ளத்து இன்ஜின் சூடாகாமல் இருக்கக் கடல் தண்ணீரைக் குழாய் வழியாக இழுத்து, சுற்றிவிட்டு, மறுபடி கடலிலேயே துப்பும். முப்பது வருஷமாகக் கடலையே குடித்துப் பழகிய இன்ஜினுக்குத் தரையில் என்ன கொடுப்பது? கேட்டேன். கஸ்பார் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இத நீயா யோசிச்ச?"

"ஏன், எனக்கு மூளை இல்லையா?"

"இல்லன்னு யாரு சொன்னா. இத்தன நாளு எங்க வச்சிருந்த?"

சிரித்துவிட்டேன். பிறகு அடுப்பில் வைத்த பால் பொங்கிவிட்டது.

ஜூன் 12

ஆறுமுகநயினார் வந்தார். மூன்றாம் தெருவில் லேத் பட்டறை வைத்திருக்கிறார், பழைய கார்களில் கை வைக்கத் தெரிந்தவர். வள்ளத்து இன்ஜினையும் கார் கியர் பெட்டியையும் சேர்க்க நடுவில் ஒரு தடித்த இரும்புத் தட்டு வேண்டும், அதைக் கடைந்து தர வேண்டும். முதலில் அவர் தலையைத் தலையை ஆட்டினார். பிறகு காருக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டார். இவரும் அந்த ஜாதிதான் என்று புரிந்தது.

இன்ஜின் பலகைமேல் இருந்தது. கஸ்பார் வழக்கம்போல அதன் பின்பக்கம் நின்றார், வள்ளத்தில் சுக்கான் பிடிக்கிறவர் நிற்கிற இடம். ஆறுமுகநயினார் முன்பக்கம் குனிந்திருந்தார், கார்க்காரர்கள் பானெட்டைத் திறந்து பார்க்கிற மாதிரி.

"அண்ணாச்சி, எல்லாம் செஞ்சிரலாம். சுத்து மட்டும் சரியா இருக்கணும். இது எந்தப் பக்கம் சுத்தும்?"

"வலம்."

"அப்பம் கவலையே இல்ல. காரும் வலந்தான்."

இருவரும் கருப்பட்டிக் காப்பி குடித்தார்கள். நான்கு தம்ளர்.

ஜூன் 15

நாற்பத்தாறு.

காலையில் லியோன் ஓடாவியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனார். வள்ளம் எந்த அளவில் இருக்கிறது என்று பார்க்கத்தான் போகிறார், இன்ஜின் ஞாபகம் வந்துவிட்டது, என் திட்டம் அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன். யூனிஃபார்ம் சட்டையின் இடக்கையை வலப்பக்கம் தைத்துவிட்டுப் பிரித்தேன்.

ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தார். இரும்பு ரம்பத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, இன்ஜினின் நான்கு கால்களையும் அறுத்தார். பகல் முழுக்க அறுத்தார். எதற்கு என்று கேட்டால், "சேஸிஸ்ல இடிக்குது" என்றார். காருக்கு வேறு இரும்புக் கால் செய்து போல்ட்டில் மாட்ட வேண்டுமாம். அறுத்த துண்டுகளைத் தூக்கி எறியாமல் பழைய வலைத்துணியில் சுற்றி மச்சில் வைத்தார். பழைய இரும்பு எடுக்கிற ஆக்கர்க்காரன் வந்தால் ஒரு வாளிக்கு ஆகும் என்றேன். கை கழுவப் போய்விட்டார்.

ஜூன் 18

யூனிஃபார்ம் முடிந்தது. நாற்பத்து மூன்று.

ஜூன் 21

இன்ஜினுக்குக் குடிக்கத் தண்ணீர் கிடைத்துவிட்டது. முதலில் பின்சீட்டில் ஒரு பிளாஸ்டிக் டிரம் வைத்துப் பார்த்தார்கள். பத்து நிமிஷத்தில் அதில் முட்டை அவிக்கலாம் என்கிற சூடு. பிறகு ஆறுமுகநயினார் எங்கிருந்தோ ஒரு பழைய வேன் ரேடியேட்டரைத் தலையில் சுமந்துகொண்டு வந்தார். உள்ளே நல்ல தண்ணீர் ஊற்றினோம். உப்புத் தண்ணீர் தவிர வேறு அறியாத இன்ஜின். ஏற்றுக்கொள்ளுமோ என்னவோ என்று எனக்கே பாவமாக இருந்தது.

இன்று டிரைவர் சீட்டை முன்னால் தள்ளி போல்ட் போட்டுவிட்டார். உட்கார்ந்து பார்த்தேன். என் கால் பெடலுக்குச் சரியாக எட்டியது. அவர் உட்கார்ந்தால் முழங்கால் ஸ்டியரிங்கில் முட்டும். "தப்பா மாட்டிட்டியளே" என்றேன். "பிற்பாடு பாத்துக்கிடலாம்" என்றார். நாற்பது.

ஜூன் 24

ஓடியது.

இன்னும் வண்டி நகரவில்லை, இன்ஜின் மட்டும். முன்னால் கைப்பிடி போட்டுச் சுற்றினார். மூன்று சுற்று. டப், டப், டப் என்று எழுந்தது. கார் முழுக்க நடுங்கியது, கண்ணாடிகள் எல்லாம் பல்லைக் கடித்தன. எதிர்வீட்டுப் பிலோமின் கூடையோடு வெளியே ஓடிவந்து, "வள்ளம் எங்க அடைஞ்சிருக்கு?" என்று கடல் பக்கம் பார்த்தாள். இருபது வருஷமாக அந்தச் சத்தம் கேட்டால் மீன் வந்துவிட்டது என்று அர்த்தம் அவளுக்கு.

எனக்கும் ஒன்று தோன்றியது. அந்தச் சத்தம் கேட்டால் எனக்கு அவர் வந்துவிட்டார் என்று அர்த்தம். இன்று அவர் என் கண் முன்னாலேயே நிற்கும்போது கேட்டேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். புகை என்று சொன்னேன்.

ஜூன் 27

சிரிப்பதா அழுவதா தெரியவில்லை, அதனால் வரிசையாக எழுதுகிறேன்.

காரை லாரியில் கட்டி இழுத்து உப்பளத்துக்குக் கொண்டுபோனோம். ஆறுமுகநயினாருக்குத் தெரிந்தவர்கள் அளம், பாத்திகளுக்கு நடுவே நீளமாக மண் பாதை. அங்கே யாருக்கும் இடைஞ்சல் இல்லை. கச்சான் காற்று கண்ணைத் திறக்க விடவில்லை. உப்பு வாரும் பெண்கள் பலகையை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள்.

கஸ்பார் என்னை டிரைவர் சீட்டில் உட்காரச் சொன்னார். வள்ளத்தில் சுக்கானைச் சூசையிடம்கூடக் கொடுக்காத மனிதர். "நான் இன்ஜின் சத்தத்தக் கேக்கணும். நீ ஓட்டு" என்றார். எனக்கு உள்ளுக்குள் நிம்மதி. டாக்டர் சீட்டில் வண்டியும் கூடாது என்றுதானே இருந்தது. எப்படித் தடுப்பது என்று ராத்திரியெல்லாம் யோசித்தேன், தானாக அமைந்துவிட்டது.

ஆறுமுகநயினார் சொல்லிக்கொடுத்தபடி முதல் கியர் போட்டேன். கிளட்சை விட்டேன். கார் பின்னால் போயிற்று.

"முதல் கியர் போடுங்க" என்றார் ஆறுமுகநயினார்.

"முதல் கியர்தான்."

"அப்பம் ரெண்டு போடுங்க அக்கா."

இரண்டில் இன்னும் வேகமாகப் பின்னால் போயிற்று. ஒரு உப்புக் குவியலில் போய் உட்கார்ந்தது. ரிவர்ஸ் போட்டால் முன்னால், நத்தை மாதிரி. ஆக, பின்னால் போக நான்கு கியர், முன்னால் போக ஒன்று. உப்பு வாருகிற பெண்களில் ஒருத்தி, "நல்ல வண்டிதான், வந்த வழிய மறக்காது" என்றாள்.

பிறகுதான் கண்டுபிடித்தார்கள். கஸ்பார் வலம் என்றது பின்னால் நின்று பார்த்து. ஆறுமுகநயினார் வலம் என்றது முன்னால் நின்று பார்த்து. இரண்டு பேரும் சரி. எதிரும் புதிருமாக நின்றுகொண்டு ஒரே பதிலைச் சொல்லிக் காப்பி குடித்திருக்கிறார்கள். நான்கு தம்ளர்.

ஆறுமுகநயினார் சிரித்தார். நானும். கஸ்பார் சிரிக்கவில்லை.

ஜூன் 28

முப்பத்து நான்கு. நேற்றும் முப்பத்து நான்கு. எண்ணியது தப்பாக இருக்கும்.

அவர் காருக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். சாப்பாடு வேண்டாமாம்.

ஜூன் 29

மறுபடியும் முப்பத்து நான்கு. மூன்று தடவை எண்ணினேன்.

இதுவரை சூசை சொல்லித்தான் கேட்டிருந்தேன். இன்று சாயங்காலம் பார்த்தேன். ஸ்பேனரைப் பிடித்தபடியே நின்றார். கண் திறந்திருந்தது, ஆனால் எங்கும் பார்க்கவில்லை. உதடு மட்டும் எதையோ மெல்லுகிற மாதிரி அசைந்தது. நான் ஓடிப்போய்ப் பின்னால் நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். விழவில்லை. ஒரு விசுவாசப் பிரமாணம் சொல்லி முடிக்கிற நேரம் இருக்கும். பிறகு மெல்லத் திரும்பி வந்தார்.

"என்ன பிடிச்சுக்கிட்டு நிக்க?"

"சும்மாதான்."

"யோசிச்சுக்கிட்டு இருந்தேன்."

"ஆமா. தெரியுது."

எனக்கு இவர் வேண்டும். கடலும் வேண்டாம், காரும் வேண்டாம், இவர் வேண்டும். இதை இங்கே எழுதிவிட்டேன், அவரிடம் சொல்லத் தெரியவில்லை.

ஜூன் 30, ஞாயிறு

காப்பித் தம்ளருக்குப் பக்கத்தில் பிஸ்கட் டப்பாவை வைத்தேன். "நட்டு டப்பாவ ஜன்னல்ல வைக்காதிய, காத்துல துரு ஏறுது" என்று சொல்லிவிட்டுக் கோவிலுக்குப் புறப்பட்டுவிட்டேன். திரும்பி வந்து பார்த்தேன். முப்பத்து மூன்று.

ஜூலை 2

இன்று நடந்ததைப் பெருமைக்காக எழுதவில்லை. சரி, பெருமைக்காகத்தான்.

பிலோமின் மகள் நிச்சயத்துக்கு மக்ரூன் கேட்டிருந்தாள். முந்திரி இடித்து, முட்டை வெள்ளையை அடித்துக்கொண்டிருந்தேன். என்னிடம் கையால் சுற்றுகிற பழைய முட்டை அடிப்பான் இருக்கிறது. கைப்பிடியைச் சுற்றினால் நடுவில் ஒரு பெரிய பல்சக்கரம் சுற்றும். அது இரண்டு பக்கமும் இரண்டு சின்னப் பல்சக்கரங்களைச் சுற்றும், அவை கீழே இரண்டு கம்பிக் கூண்டுகளைச் சுற்றும். நுரை ஏறும்வரை வேறு வேலை இல்லை, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு கூண்டு வலமாகச் சுற்றுகிறது. மற்றது இடமாகச் சுற்றுகிறது.

கை நின்றுவிட்டது. சுற்றுகிறவள் நான் ஒருத்திதான், சக்கரமும் ஒன்றுதான். இந்தப் பக்கம் தொட்டால் ஒரு மாதிரி, அந்தப் பக்கம் தொட்டால் வேறு மாதிரி. காரின் பின் ஆக்ஸிலிலும் ஒரு பெரிய பல்சக்கரமும் ஒரு சின்னப் பல்சக்கரமும் இருக்கிறது என்று இவர்கள் பேசிக் கேட்டிருக்கிறேன்.

நுரை சொட்டச் சொட்ட அதைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினேன்.

"இங்க பாருங்க. உங்க பெரிய சக்கரம் சின்னச் சக்கரத்த எந்தப் பக்கம் தொட்டுக்கிட்டு இருக்கு?"

"இடப்பக்கம்."

"வலப்பக்கம் தொட வச்சா?"

கஸ்பார் அடிப்பானை வாங்கினார். மெதுவாகச் சுற்றினார். நிறுத்தினார். எதிர்ப்பக்கம் சுற்றினார். முட்டை வெள்ளை அவர் மீசையில் தெறித்தது. ஐந்து நாளுக்குப் பிறகு அந்த முகத்தில் பசி தெரிந்தது.

"ஆக்ஸில அப்பிடியே கவுத்திப் போட்டா..." என்றார்.

"கவுத்திப் போட முடியுமா?"

"ஏன் முடியாது? ஏட்டி, ஒனக்கு இருக்க மூளைக்கு நீ கப்பல் கட்டலாம்."

ஆறுமுகநயினாருக்கு ஆள் அனுப்பினோம். அவர் அடிப்பானை அரை மணி நேரம் சுற்றிக்கொண்டே இருந்தார். அதற்குள் நுரை அமுங்கிவிட்டது. மக்ரூன் எல்லாம் அப்பளம் மாதிரி சப்பையாக வந்தது. பிலோமினிடம் புது விதம் என்று சொல்லிவிட்டேன். முப்பத்தொன்று.

ஜூலை 6

ஆக்ஸிலைக் கவிழ்த்தாயிற்று. வில்லுப்பட்டை உட்காரும் இடத்தை அறுத்து மறுபக்கம் பற்றவைக்க வேண்டும், எண்ணெய் ஊற்றுகிற ஓட்டை கீழே போய்விட்டதால் மேலே புது ஓட்டை. இருபத்தேழு.

ஜூலை 11

முன்னால் போயிற்று.

நான்கு கியரும் முன்னால். உப்பளத்துப் பாதையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நான் ஓட்டினேன். என் உடம்பு குலுங்கியது, கொண்டை அவிழ்ந்துவிட்டது. வேகம் என்று பெரிதாக ஒன்றுமில்லை, பக்கத்தில் சைக்கிளில் வந்தவர் கொஞ்ச தூரம் கூடவே வந்து, ரேடியேட்டரில் எந்தத் தண்ணீர் ஊற்றுகிறீர்கள் என்று விசாரித்துவிட்டுப் போனார். கஸ்பார் பக்கத்து சீட்டில் கண்ணை மூடிச் சத்தம் கேட்டுக்கொண்டு வந்தார். "கொஞ்சம் வலத்த பிடி. காத்து தள்ளுது" என்றார். காருக்குக் காற்றா என்று சிரித்தேன். உண்மையில் தள்ளத்தான் செய்தது.

இன்னொரு தடவை போகலாமா என்று கேட்டது நான்தான். ஏழு தடவை போனோம்.

இதை எதற்கு ஆரம்பித்தேன் என்று திரும்பி வரும்போதுதான் ஞாபகம் வந்தது.

ஜூலை 16

போக்குவரத்து அலுவலகத்துக்குப் போனோம். இன்ஜினை மாற்றினால் அனுமதி வாங்க வேண்டும், அதுவரை தெருவில் எடுக்கக் கூடாது. "மாத்தின இன்ஜின் எந்த வண்டியோடது?" என்று கேட்டார் அங்கே இருந்தவர். "வள்ளத்தோடது" என்றேன். பேனாவை வைத்துவிட்டார். பிறகு வெளியே வந்து, குளிர வைக்கிறது எப்படி, சுற்று எப்படி என்று கால் மணி நேரம் கேட்டார். அனுமதி வருமா தெரியாது, ஆய்வுக்கு நானே வருகிறேன் என்று மட்டும் சொன்னார்.

பழகுநர் ஓட்டுநர் உரிமத்துக்கும் ஒரு விண்ணப்பம் போட்டோம். கஸ்பார் என் பேரை எழுதினார். உங்களுக்கு வேண்டாமா என்று வாய்வரை வந்தது, விழுங்கிவிட்டேன். பதினேழு.

ஜூலை 20

சூசை வந்தான். "மைனி, ஓடாவி முடிச்சிட்டாவ. கொடியேத்தத்துக்கு முந்தின நாளு இறக்கிரலாம்னாவ. அண்ணன்கிட்ட இன்ஜின் எப்பக் கழத்தணும்னு கேளுங்க."

கேட்கவில்லை. பதின்மூன்று.

ஜூலை 21, ஞாயிறு

அவருக்குத் தெரியாமல் லியோன் ஓடாவியிடம் போனேன். வள்ளம் தலைநிமிர்ந்து நின்றது, புதுப் பலகை, பச்சைப் பெயின்ட்.

"இன்னும் ஒரு மாசம் தள்ளுங்க மாமா. பலகையில விரிசல் இருக்குன்னு சொல்லிருங்க" என்றேன். காரணம் கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்து வைத்திருக்கவில்லை.

ஓடாவி உளியைக் கீழே வைத்தார். "எதுக்கு? கஸ்பார்தான் அந்த இன்ஜின் இனிமே வள்ளத்துல உக்காராதுன்னு முடிவு பண்ணிட்டானே."

"எப்ப?"

"போன மாசமே. இங்க வந்து நின்னுக்கிட்டு, மாமா, நாலு காலையும் அறுத்துட்டா திரும்ப ஒட்ட வைக்க முடியுமான்னு கேட்டான். வார்ப்பிரும்பு, அறுத்தா அறுத்ததுதான்னு சொன்னேன். கொஞ்ச நேரம் வள்ளத்தத் தடவிக்கிட்டு நின்னான். சரின்னு போயிட்டான்."

வீட்டுக்கு வந்து ஜூன் 15 பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். சேஸிஸ்ல இடிக்குது என்று எழுதி வைத்திருக்கிறேன். ஜூன் 21 பக்கத்தில், சீட்டைத் தப்பாக மாட்டிவிட்டார் என்று.

எழுதத் தெரிந்த அளவு எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

ஜூலை 22

கேட்டேவிட்டேன். அவர் கார் விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஓடாவி சொல்லிட்டாவ. எனக்கு விஷயம் தெரியும்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"நீ வள்ளத்து இன்ஜின் காருல ஓடுமான்னு கேட்டியே, அன்னைக்கே. கட்டிக்கிட்ட இருபத்தாறு வருசத்துல இன்ஜினப் பத்தி ஒரு வார்த்த கேட்டிருப்பியா?"

"பின்ன ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீ அவ்வளவு ஆசையா என்னைய ஏமாத்துத. நடுவுல எப்பிடி நிறுத்தச் சொல்ல?"

கோபத்தில் துணியைப் பிடுங்கி எறிந்தேன். அவர் குனிந்து எடுத்தார். அதே விளக்கை மறுபடி துடைத்தார்.

"கடலுக்குப் போவலன்னு வாயால சொல்லணும்லா தெக்லா. அதான் வரல. எத்தனையோ வாட்டி சொல்லிப் பாத்தேன், வரல. ரம்பம்னா கை தானா போயிருது."

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். பானெட் இன்னும் சூடாக இருந்தது. அடைக்கோழி வந்து காருக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று.

ஜூலை 25

வள்ளம் இறங்கியது. சூசைதான் இனி சுக்கான். தன் கூடப்பிறந்த அண்ணன் வீட்டிலிருந்த இன்ஜினை ஏற்றியிருக்கிறான். சாமியார் தீர்த்தம் தெளித்தார். எல்லாரும் சேர்ந்து தள்ளினார்கள், கஸ்பாரும் தள்ளினார். தண்ணீர் முழங்காலுக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது. மற்றவர்கள் ஏறிக்கொண்டார்கள். அவர் கையை வள்ளத்திலிருந்து எடுக்கவில்லை. நான் கரையில் நின்று எண்ணிக்கொண்டிருந்தேன், எதை எண்ணினேன் என்று தெரியாது. நெஞ்சளவு தண்ணீரில் கையை எடுத்தார்.

சூசை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான்.

ஈர வேட்டியோடு வந்து என் பக்கத்தில் நின்றார். அழுதார். ஊர் பார்க்கிறது என்று நான் சொல்லவில்லை. நானும் அழுதேன். பிறகு அவர் மூக்கைச் சிந்திவிட்டு, "அந்தப் புது இன்ஜின்ல ஒரு வால்வு தட்டுது, கேட்டியா?" என்றார். எனக்கும் கேட்டிருந்தது.

ஜூலை 26, கொடியேற்றம்

காலையில் மாத்திரையை என் முன்னாலேயே போட்டார். தண்ணீர் குடித்துவிட்டு டப்பாவை மூடி என் தையல் மிஷின்மேல் வைத்தார்.

"ஏழு இருக்கு. தீரதுக்குள்ள வாங்கணும். இனிமே நீ எண்ண வேண்டாம்."

அவர் கைப்பிடியை எடுத்துக்கொண்டு காருக்கு முன்னால் போனதும் டப்பாவைத் திறந்தேன். நட்டு போல்ட்டுகளை ஒதுக்கிவிட்டு எண்ணினேன்.

ஏழுதான் இருந்தது.